கரைச் சுற்றுலாக் கட்டணம்: முதன்முறை கப்பல் ஏறுவோருக்கு ஒரு வழிகாட்டி

சொகுசுக் கப்பல் பயணத்துக்கு முதன்முறையாக முன்பதிவு செய்பவருக்கு, அறையும் உணவும் மாலை நேர நிகழ்ச்சிகளும் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுவது பெரிய ஆறுதலாக இருக்கும். சில வாரங்கள் கழித்துக் கப்பல் நிறுவனத்தின் செயலியில் கரைச் சுற்றுலாக்களின், அதாவது கப்பல் நிற்கும் துறைமுகங்களில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் பயணங்களின், பட்டியலைத் திறந்து பார்க்கும்போதுதான் அந்த ஆறுதல் குலைகிறது. ஒரு நாள் சுற்றுலா ஒருவருக்கு 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குடும்பம் ஐந்து துறைமுகங்களில் இறங்கிச் சுற்றிப் பார்த்தால் 3,000 டாலர் ஆகிறது. மலிவான அறையை எடுத்தவர்களுக்கு இத்தொகை கப்பல் கட்டணத்தையே எட்டிவிடக் கூடும்.

இந்த விலை ஏன் இப்படி இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அதை எங்கே கொடுக்கலாம், எங்கே தவிர்க்கலாம் என்று முடிவு செய்ய முடியும். கரைச் சுற்றுலாக்களைக் கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் தாமே நடத்துவதில்லை. அந்தந்தத் துறைமுக ஊரிலுள்ள சுற்றுலா நிறுவனம் பேருந்தையும் வழிகாட்டியையும் தருகிறது. கப்பல் நிறுவனம் அதன் மேல் தன் பங்கைச் சேர்த்து விற்கிறது. ஆனால் அந்தக் கூடுதல் தொகை முழுவதையும் வெறும் லாபம் என்று சொல்லிவிட முடியாது. கப்பல் விற்ற சுற்றுலாப் பேருந்து போக்குவரத்து நெரிசலில் சிக்கித் தாமதமானால், கப்பல் காத்திருக்கும். காத்திருக்க இயலாத நிலையில் அந்தப் பயணிகளை அடுத்த துறைமுகத்துக்குத் தன் செலவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். தாமாகச் சுற்றப் போனவர்களுக்காக அது காத்திருக்கக் கடமைப்பட்டதல்ல. ஆகவே நாம் கொடுக்கும் விலையில் ஒரு பேருந்து இருக்கையும், கப்பலைத் தவறவிட மாட்டோம் என்ற உத்தரவாதமும் சேர்ந்தே இருக்கின்றன. இருக்கையின் மதிப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். உத்தரவாதத்தின் மதிப்போ துறைமுகத்துக்குத் துறைமுகம் பெரிதும் மாறுகிறது. கப்பல் சுற்றுலாவா (அதாவது கப்பல் நிறுவனம் விற்கும் கரைச் சுற்றுலாவா), சொந்தச் சுற்றா என்று பயணம் முழுவதற்கும் ஒரே முடிவை எடுத்துவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகவே முடிவு எடுக்க வேண்டும்.

முதல் படி: கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போதே கரைச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

கப்பல் கட்டணங்களை மட்டும் ஒப்பிடுவது பயனற்ற ஒப்பீடு. வைக்கிங் நிறுவனத்தின் கடல் பயணங்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறது. ரீஜென்ட் செவன் சீஸ் நிறுவனம் பெரும்பாலான கரைச் சுற்றுலாக்களைக் கட்டணத்தில் சேர்த்தே விற்கிறது. இவற்றின் தொடக்க விலை கண்ணைக் கட்டும் என்பது உண்மைதான். இருந்தாலும், எல்லாத் துறைமுகங்களிலும் வழிகாட்டியுடன் சுற்றுவதென்று முன்பே தீர்மானித்துவிட்டவர், மலிவான கப்பலின் விலையோடு அத்தனை சுற்றுலாக்களின் விலையையும் கூட்டிய பிறகே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பயணத் தடமும் செலவைத் தீர்மானிக்கிறது. கரீபியப் பயணங்களில் கப்பல் நிறுவனங்கள் தாமே நடத்தும் தனித் தீவுகளில் ஒரு நாள் நிற்பதுண்டு. அங்கே கடற்கரையும் மதிய உணவும் பெரும்பாலும் இலவசம், நிழற்குடிலுக்கும் நீர் விளையாட்டுகளுக்கும்தான் தனிக் கட்டணம். அலாஸ்காவில் நிலைமை வேறு. அங்கே பலர் தேடிப் போகும் ஹெலிகாப்டர் பனியாற்றுப் பயணமும் திமிங்கிலம் பார்க்கும் படகும் யார் விற்றாலும் விலை கூடியவை என்பதால், அந்தச் செலவைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: துறைமுகம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பயண அட்டவணையில் அச்சிடப்படும் ஊர்ப் பெயர்களை அப்படியே நம்பக் கூடாது. ‘ரோம்’ என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவிட்டாவெக்கியாவில். ‘பாரிஸ்’ என்றால் லே ஹாவ்ர். பாரிஸ் அங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். ‘பெர்லின்’ என்றால் பால்டிக் கரையிலுள்ள வார்னமுண்டே. ஒரு வழிக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். ‘பாங்காக்’ என்றால் பெரும்பாலும் லெம் சபாங். நெரிசல் இல்லாவிட்டால் சாலை வழியே இரண்டு மணி நேரம். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் ஜூடெக்கா கால்வாய்க்குள் வர இத்தாலி அரசு தடை விதித்துவிட்டதால், ‘வெனிஸ்’ என்று எழுதியிருக்கும் பல பயணங்கள் ரவென்னாவிலோ திரியெஸ்தேயிலோ போய் நிற்கின்றன. அட்டவணையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் துறைமுகப் பெயரைக் குறித்துக்கொண்டு, வரைபடத்தில் கப்பல்துறையையும் நீங்கள் பார்க்க விரும்பும் இடத்தையும் குறித்து இடைப்பட்ட தொலைவை அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான். இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் எல்லாவற்றிலும் அதிகப் பணத்தை மிச்சப்படுத்துவது இதுவே.

அளந்து முடித்ததும் துறைமுகங்கள் தாமாகவே மூன்று வகையாகப் பிரிந்துவிடும். முதல் வகையில் கப்பலிலிருந்து இறங்கினாலே ஊர். மொண்டெனேக்ரோவின் கோட்டோரில் பழைய நகரின் மதில் கப்பல்துறைக்கு எதிரிலேயே நிற்கிறது. மால்டாவின் வாலெட்டாவில் துறையருகே இருக்கும் மின்தூக்கி மேலேயுள்ள பராக்கா தோட்டத்தில் கொண்டுபோய் விடுகிறது. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் பழைய நகரை ஒட்டிய துறைகளில் நின்றால், தெருவைக் கடந்ததும் பழைய நகர்தான். இத்தகைய இடங்களில் ‘நடைச் சுற்றுலா’ என்று கப்பலில் விற்பதை வாங்குவது, வழிகாட்டி சொல்லும் வரலாற்றில் உண்மையான ஆர்வம் உள்ளவருக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாம் வகை, பொதுப் போக்குவரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக் கூடிய இடங்கள். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் இறங்கினால் மெட்ரோவின் முதல் தடத்தில் ஏறி மொனாஸ்டிராக்கியில் இறங்கி, அக்ரோபொலிஸுக்கு நடந்தே போகலாம். நேப்பிள்ஸில் கரிபால்டி நிலையத்திலிருந்து சர்க்கம்வெசுவியானா ரயில் பொம்பேய் இடிபாடுகளின் வாசலுக்கு அருகிலேயே விடுகிறது. இங்கே செலவு மிகக் குறைவு. ரயில் ஓடாத நாளில் என்ன செய்வது என்ற கேள்விக்கு மட்டும் விடை வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகை, ஒரு வழிக்கே இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் இடங்கள்: லே ஹாவ்ரிலிருந்து பாரிஸ், அலெக்சாண்டிரியாவிலிருந்து கெய்ரோ பிரமிடுகள், ஜோர்டானின் அகபாவிலிருந்து பெட்ரா போன்றவை. என் கருத்தில், முதன்முறை பயணம் செய்பவர் இங்கே கப்பல் சுற்றுலாவின் விலையைப் பார்த்து முகம் சுளிக்காமல் கொடுத்துவிடலாம். அந்த விலையில் உத்தரவாதத்துக்கு உரிய பங்கு இங்கேதான் தன் மதிப்பைப் பெறுகிறது. அந்த விலை கட்டுப்படியாகாவிட்டால், தொலைதூர ஊரைக் கைவிட்டுத் துறைமுக ஊரையே பார்ப்பதும் ஒரு நல்ல வழி. லே ஹாவ்ரின் மையப் பகுதி 2005 முதல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது. பாரிஸுக்குப் போகும் அவசரத்தில் அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

மூன்றாம் படி: கரையில் உண்மையாகக் கிடைக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குப் புறப்படும் என்றால் 12 மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். கப்பல் கட்டப்பட்டு, உள்ளூர் அதிகாரிகள் அனுமதி தந்து, பயணிகள் இறங்கத் தொடங்கும்போது எட்டு மணி ஆகலாம். புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே அனைவரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டும். தாமாகச் சுற்றுபவர் அதற்கும் முன்னால் குறைந்தது ஒன்றரை மணி நேரத்தைப் பாதுகாப்புக்காக விட்டுவைக்க வேண்டும் என்பது என் கணக்கு. தொலைவு கூடக் கூட இதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சிவிட்டாவெக்கியாவை எடுத்துக்கொள்வோம். எட்டு மணிக்கு இறங்கி, துறைமுகப் பேருந்தில் வாயிலுக்கு வந்து, நிலையத்தை அடைந்து, ஒன்பது மணி வாக்கில் ரயில் ஏறினால், வத்திக்கானுக்கு அருகிலுள்ள சான் பியேத்ரோ நிலையத்தில் பத்து மணி வாக்கில் இறங்கலாம். மாலை 6 மணிக்குக் கப்பலில் இருக்க வேண்டுமானால் 4:30-க்குள் சிவிட்டாவெக்கியாவில் இருக்க வேண்டும். அதற்கு மூன்று மணி வாக்கில் ரோமை விட்டுக் கிளம்ப வேண்டும். ஆக, கையில் நிற்பது ஐந்து மணி நேரம். அதில் கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம் இரண்டையும் திணிக்க முயல்வது ஓட்டப் பந்தயத்தில் முடியும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்கள் அடிக்கடி வருவதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவை முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்கள் ஓரளவு ஓடியாக வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் கப்பல் பயணி திரும்ப வேண்டிய மூன்று மணி அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நுழைவுச்சீட்டையும் இதே படியில் பார்த்துவிடுங்கள். அக்ரோபொலிஸில் 2023 முதல் நேரம் குறித்த நுழைவு நடைமுறையில் இருக்கிறது. பொம்பேயில் 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு 20,000 பேர்தான் அனுமதி. ஸ்பெயினின் மாலகாவிலிருந்து கிரனாடாவுக்குப் போய் அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்க்க நினைப்பவருக்கு அன்று காலையில் வாசலில் சீட்டுக் கிடைப்பது அரிது. வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். சீட்டு கிடைக்காத நாளில் கப்பல் சுற்றுலாவில் மட்டும் இடம் மிச்சமிருப்பதும் உண்டு. அப்போது அதன் விலைக்கு வேறொரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

நான்காம் படி: சுற்றுலா விவரக் குறிப்பை வழக்கறிஞர் போல் படியுங்கள்

கப்பல் சுற்றுலாக் குறிப்புகளில் ஒவ்வொரு வினைச்சொல்லும் கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். ஓர் இடத்தை ‘காண்பீர்கள்’ என்றால் பெரும்பாலும் பேருந்துச் சன்னல் வழியே காண்பீர்கள். ‘புகைப்படத்துக்கு நிற்போம்’ என்றால் பதினைந்து நிமிடம் வெளியே நின்று படம் எடுக்கலாம். ‘உள்ளே செல்வோம்’, ‘நுழைவுக் கட்டணம் அடங்கும்’ என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே உள்ளே போகிறோம் என்று பொருள் கொள்ளுங்கள். ‘எட்டு மணி நேரச் சுற்றுலா’ என்பதில் போக வர நான்கு மணி நேரப் பேருந்துப் பயணமும், மதிய உணவும், உள்ளூர்க் கைவினைக் கடை ஒன்றில் முக்கால் மணி நேரமும் அடங்கியிருக்கலாம். கடை நிறுத்தம் இருக்கிறதா, உணவு சேர்ந்ததா, குழுவில் எத்தனை பேர், நடக்க வேண்டிய தொலைவும் படிக்கட்டுகளும் எவ்வளவு என்ற நான்கையும் குறிப்பில் தேடிப் பார்த்து, இல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதன் பின் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று பாருங்கள். மொத்த விலையை மொத்த நேரத்தால் வகுக்காமல், பார்க்க விரும்பிய இடத்தில் உண்மையாக நிற்கும் நேரத்தால் வகுக்க வேண்டும். மலிவாகத் தோன்றிய சில சுற்றுலாக்கள் இந்தக் கணக்கில் பட்டியலிலேயே விலை உயர்ந்தவையாக மாறிவிடும்.

ஐந்தாம் படி: இடைப்பட்ட வழிகளைத் தேடுங்கள்

வழிகாட்டியுடன் முழு நாள் கப்பல் சுற்றுலா ஒரு பக்கம், கையில் வரைபடத்துடன் தனியே நடப்பது மறுபக்கம் என்று இரண்டே வழிகள் இருப்பதாகப் புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இடையில் இன்னும் சில இருக்கின்றன. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, கப்பல் நிறுவனமே விற்கும் ‘போக்குவரத்து மட்டும்’ என்ற வகை. ரோமுக்கோ பாரிஸுக்கோ பேருந்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, குறித்த நேரத்தில் அதே இடத்தில் ஏற்றிக்கொள்வார்கள். வழிகாட்டியோ நுழைவுச்சீட்டோ இராது. விலையும் முழுச் சுற்றுலாவைவிடக் குறைவு. நீங்கள் நேரத்துக்குப் பேருந்தில் ஏறிவிட்டால், கப்பல் காத்திருக்கும் என்ற உத்தரவாதம் முழுமையாக உங்களுடையது. சுற்றுலாப் பட்டியலின் அடியில், கவனிக்கப்படாத இடத்தில்தான் இது பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது, வண்டியைப் பகிர்ந்துகொள்வது. கப்பல் சுற்றுலா தலைக்கு இத்தனை என்று விற்கப்படுகிறது. தனியார் வேனும் டாக்சியும் வண்டிக்கு இத்தனை என்று பேசப்படுகின்றன. ஆகவே தனியாகப் பயணம் செய்பவருக்குக் கப்பல் பேருந்தே மலிவாக இருக்கலாம். ஆறு பேர் சேர்ந்தால் தனி வேன் மலிவாகிவிடும். கப்பலில் இரவு உணவு மேசையில் பழகியவர்களோடு சேர்ந்து வண்டி எடுப்பது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஏறி இறங்கும் சுற்றுப் பேருந்துகளும் நகரங்களில் கிடைக்கும். அவற்றின் கடைசிச் சுற்று எப்போது என்று பார்க்காமல் நகரின் மறுமுனைக்குப் போய்விடாதீர்கள்.

ஆறாம் படி: தனியார் சுற்றுலாவை வாங்குமுன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வராமலே போனால் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்பது. காற்றும் அலையும் மிகுந்தால் கப்பல் தலைவர் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். அப்போது கப்பலில் வாங்கிய சுற்றுலாவின் பணம் தானாகவே உங்கள் கணக்குக்குத் திரும்பிவிடும். தனியாரிடம் வாங்கியது அவர்கள் எழுதிக் கொடுத்த நிபந்தனையைப் பொறுத்தது. இரண்டாவது, கப்பலுக்குத் திரும்ப முடியாமல் போனால் அவர்கள் பொறுப்பேற்பார்களா. ஏற்பதானால் அடுத்த துறைமுகம் வரையிலான செலவு முழுவதையுமா என்பது. மூன்றாவது, எங்கே சந்திப்பது என்பது. பல துறைமுகங்களில் வெளி வண்டிகளைப் பாதுகாப்பு வளாகத்துக்குள் விடுவதில்லை. வாயில் வரை நடக்கவோ துறைமுகப் பேருந்துக்குக் காத்திருக்கவோ வேண்டியிருக்கும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரைவிட, சிறு முன்பணம் மட்டும் வாங்குபவரே நல்லவர்.

உரிமமும் காப்பீடும் இருக்கின்றனவா என்ற கேள்வியைத் தனியாரிடம் மட்டும் கேட்டால் போதாது. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வைட் தீவில் எரிமலை வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தனர். 22 பேர் உயிரிழந்தனர். அன்று தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சொகுசுக் கப்பல் ஒன்றிலிருந்து கரைச் சுற்றுலாவாக வந்தவர்கள். சுற்றுலா நடத்துபவர் தனி ஒப்பந்ததாரர், அவர் செயலுக்குத் தாம் பொறுப்பல்ல என்றே கப்பல் நிறுவனங்களின் பயண ஒப்பந்தங்கள் பொதுவாகச் சொல்கின்றன. கப்பல் தரும் உத்தரவாதம் நேரத்துக்கானது. ஆபத்தை அளந்து பார்க்கும் பொறுப்பு பயணியிடமே இருக்கிறது.

ஏழாம் படி: கப்பலிலேயே வாங்குவதென்றால் குறைத்து வாங்குங்கள்

கப்பல் ஏறிய பின் சுற்றுலா மேசையில் வாங்குவதைவிட, புறப்படுமுன் நிறுவனத்தின் தளத்தில் வாங்குவது பல நேரங்களில் மலிவு. தள்ளுபடி நாட்களில் விலை இறங்குவதும் உண்டு. பெரும்பாலான சுற்றுலாக்களை ஓரிரு நாட்களுக்கு முன்பு வரை அபராதமின்றி நீக்கலாம் என்பதால், முன்பே பதிவு செய்துவிட்டு, விலை இறங்கினால் நீக்கிவிட்டு மறுபடி வாங்கலாம். கப்பல் செலவுக்கென நிறுவனமோ முகவரோ தந்த வரவுத் தொகை இருந்தால் அதைக் கரைச் சுற்றுலாவுக்கும் பயன்படுத்த முடியுமா என்று கேளுங்கள்.

எட்டாம் படி: இறங்கும் நாளில்

எல்லாக் கப்பல்களும் துறையில் கட்டப்படுவதில்லை. சில இடங்களில் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் பயணிகளைக் கரைக்கு அனுப்பும். அப்போது கப்பல் சுற்றுலா வாங்கியவர்களே முதலில் இறக்கப்படுவார்கள். மற்றவர்கள் வரிசைச் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். ஆகவே இத்தகைய துறைமுகத்தில் காலை 8 மணிக்குத் தனியார் வண்டியை வரச் சொல்லிவிடாதீர்கள். கிரீஸின் சாண்டோரினி தீவில் தாமாக இறங்குபவர்கள் ஃபிரா ஊரின் அடிவாரத்திலுள்ள பழைய துறைக்கு வருகிறார்கள். மேலே செல்லக் கம்பிவட ஊர்தி இருக்கிறது, இல்லையேல் 580-க்கும் மேற்பட்ட படிகள். பல கப்பல்கள் நிற்கும் நாளில், மாலையில் கீழே இறங்க அந்த ஊர்திக்கு நிற்கும் வரிசை ஒரு மணி நேரத்தையும் விழுங்கிவிடும்.

கப்பலை விட்டு இறங்குமுன் கப்பல் நேரத்தையும் உள்ளூர் நேரத்தையும் ஒப்பிடுங்கள். மெக்சிகோவின் கோசுமெல் தீவு 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. புளோரிடாவோ கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறது. புளோரிடா நேரத்திலேயே ஓடும் கப்பலில் 4:30-க்குள் ஏற வேண்டும் என்றால், அந்தக் கணத்தில் கரையிலிருக்கும் உங்கள் கைபேசி 3:30 என்று காட்டும். கைபேசியை நம்பி நிதானமாகத் திரும்புபவர் காலி நங்கூரத் தளத்தைத்தான் பார்ப்பார். தானாக மாறாத சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்வது எளிய தீர்வு.

கப்பலின் அன்றாட நிகழ்ச்சித் தாளில் அந்தத் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் செயல்படும் முகவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடன் அட்டை, அன்றாட மருந்து, கடவுச்சீட்டின் நகல் ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடவுச்சீட்டையே கொண்டுபோக வேண்டுமா என்பது ஒவ்வொரு நாட்டின் விதியைப் பொறுத்தது. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள சாவோ டோமே தீவில், தனியார் சுற்றுலா போய்த் தாமதமாகத் திரும்பிய எட்டுப் பயணிகளை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. அவர்கள் தம் செலவில் பல நாடுகள் வழியாகத் துரத்திச் சென்று, காம்பியாவில் கப்பல் நிற்காமல் போனதால் அங்கும் ஏற முடியாமல், கடைசியில் செனகலில்தான் அதைப் பிடித்தார்கள். அப்படி நேர்ந்தால் முதலில் அழைக்க வேண்டியது முகவரைத்தான். கப்பலில் விட்டுவந்த கடவுச்சீட்டுகளை ஊழியர்கள் அறையிலிருந்து எடுத்து அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கம். பயணக் காப்பீட்டில் கப்பலைத் தவறவிடும் நிலை எந்தக் காரணங்களுக்குச் செல்லும் என்பதையும் பயணத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

கப்பல் சுற்றுலாவிலேயே குறை நேர்ந்தால், அதாவது சொன்ன இடத்துக்கு அழைத்துச் செல்லாமலோ, குளிரூட்டி இயங்காத பேருந்தில் அரை நாள் கழிந்தோ போனால், அன்று மாலையே சுற்றுலா மேசைக்குச் சென்று எழுத்தில் கொடுங்கள். விவரக் குறிப்பின் நகலும் பேருந்து எண்ணும் கையில் இருக்கட்டும். கப்பலில் இருக்கும்போது கேட்பவருக்குப் பகுதித் தொகையாவது கணக்கில் வரவு வைக்கப்படும் வாய்ப்பு அதிகம்; வீடு திரும்பிய பின் எழுதும் கடிதத்துக்குப் பதில் வரவே வாரங்கள் ஆகும்.